விபத்தில் அடிபட்டவர் எந்த மருத்துவமனைக்குப் போகலாம்?



மரக்காணம் உப்பளங்களில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டும். ஆகவே ஆண்களும் பெண்களும் இருட்டிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாக நடந்தும் சைக்கிளிலும் வருகிறார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் விரையும் வாகனங்களுக்கும் அதே சாலைதான். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு நம் மருத்துவமனைக்கு ஓடி வருகிறவர்கள், "ஐயா, இங்கேயே வச்சுப் பார்ப்பீங்களா? பணம் எவ்வளவு கட்டணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதற்குச் சட்டம் சொல்லும் பதிலை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

முதலாவது, உயிருக்குப் போராடுகிறவரை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. போலீஸ் வரட்டும், கையெழுத்து ஆகட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த வழிப்போக்கர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் பாதுகாப்புக் கொடுத்துள்ளன.

இரண்டாவது, செலவை யார் ஏற்பது? நெடுங்காலமாக இருந்த வழி ஒன்றுதான். குடும்பம் கடன் வாங்கிச் சிகிச்சை செய்து, பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். மோதிய வாகனத்தின் காப்பீட்டு நிறுவனம் ஒருநாள் பணம் கொடுக்கும். இந்த வழியில் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். ஆனால் கூலி வேலை செய்கிறவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? தீர்ப்பு வரும் வரையில் கடன்காரர் காத்திருப்பாரா?

இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு திட்டங்கள் வந்துள்ளன. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று, நமக்கு அருகிலுள்ள மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் இது பொருந்தும். மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தது. இதில் விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்கு, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். இராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், இத்திட்டத்தை விரைவில் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கட்டளையிட்டிருந்தது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கே முழுமையாகக் கிடைக்கும். மத்திய திட்டத்தில், பட்டியலில் இல்லாத மருத்துவமனை நோயாளியின் நிலையைச் சீராக்கி அனுப்பும் அளவுக்கே சிகிச்சை தரலாம். நம்முடைய சிறிய மருத்துவமனை பட்டியலில் இல்லை.

சில மாதங்களுக்கு முன் உப்பளத் தொழிலாளி ஒருவரைத் தொடை எலும்பு முறிந்த நிலையில் கொண்டுவந்தார்கள். "என் பிள்ளைங்க இங்கதான் பொறந்தாங்க. வேற எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று அவர் மனைவி அழுதார். நம்பிக்கை வைத்து வந்தவரை வேறிடத்துக்கு அனுப்புவது எங்களுக்கும் வருத்தமே. ஆயினும் அந்த அறுவை சிகிச்சைக்கு இங்கே வசதியில்லை. எனவே இரத்தப்போக்கை நிறுத்தி, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, 108 வண்டியில் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

இரண்டாம் நாள் மாலை அந்த அம்மா கலங்கிப்போய் வந்தார். 48 மணி நேரம் முடிந்ததும் காப்பீட்டு அட்டை வேண்டும், இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாறலாம் அல்லது பணம் கட்டலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். விசாரித்தபோது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருந்தது. அது எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊழியர் ஒருவர் உடன் சென்று எடுத்துக் கொடுத்தார். சிகிச்சை அங்கேயே தொடர்ந்தது. அந்த அட்டை கிடைத்திராவிட்டால், அடுத்த இடத்தைத் தெரிந்தெடுத்திருப்பது அவரல்ல, அவருடைய வறுமைதான்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இவைகளைச் சொல்லுங்கள்:

1. விபத்து நடந்தவுடன் 108-ஐ அழைக்கவும். திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்று கேட்கவும்.

2. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைக்கவும்.

3. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள், பில்கள் ஒன்றையும் எறிய வேண்டாம். வெள்ளைத் தாளில் சமரசக் கையெழுத்தும் போட வேண்டாம்.

4. இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதி. குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

5. மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டாலும் அரசு நிவாரணம் உண்டு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, முன்பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்லிப் போனான். சட்டம் இன்று முன்பணத்தைக் கொடுக்கிறது. எட்டாம் நாள் மருந்து, உடனிருப்பவரின் சாப்பாடு, பஸ் செலவு, வேலையில்லா மாதங்கள் ஆகியவற்றுக்கு எந்தத் திட்டமும் இல்லை. நீங்கள் அனுப்பும் காணிக்கையை அங்கேதான் செலவிடுகிறோம்.

அந்தச் சகோதரர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வருகிற உப்புப் பருவத்தில் பாத்தியில் இறங்க முடியுமா என்று கேட்கிறார். அவருக்காக எங்களோடு ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்