பாதி வழியில் நின்ற கண்

எருமை நாக்கு மீன் தூண்டிலில் பட்ட பிறகும் தோணிக்குக் கிட்ட வந்து கழன்று போவது ஏன் என்று வாகரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தட்டை மீன் மேலே வரும்போது உடம்பைக் குறுக்கே திருப்பிவிடும். குளத்தில் தாம்பாளம் கழுவியவர்களுக்குத் தெரியும்: படுக்கையாகத் தூக்கினால் கை வலிக்கும், சரித்தால் சும்மா வரும். ஆகவே நேர்குத்தாக இழுக்காமல், தங்கூசி நரம்பைத் தளரவிடாமல் சாய்வாக இழுங்கள். தலை தண்ணீருக்கு மேலே வந்தால் மீன் உதறும். தூண்டில் குத்திய ஓட்டை பெரிதாகும். அத்தாங்கைத் தண்ணீருக்குள்ளேயே தாழ்த்திப் பிடித்து, தலை முந்தி நுழையும்படி மீனை அதற்குள் நடத்த வேண்டும்.

தூண்டிலின் வகையையும் பார்க்க வேண்டும். வட பசிபிக்கில் 200 கிலோவையும் தாண்டும் ஹலிபட் என்ற தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள கடற்றொழிலாளர் வட்டத் தூண்டிலுக்கு மாறினார்கள்; பிடிபாடும் கூடியது. வட்டத் தூண்டிலை வெட்டி இழுக்கக் கூடாது. மீன் இரையோடு திரும்பும்போது வாயோரத்தில் தானாகவே மாட்டும். நம்முடைய எருமை நாக்குக்குப் பல் கூர்மை என்பதால் தூண்டிலுக்குக் கிட்டத் தடித்த நரம்பு போடுவது நல்லது. இரையான கணவாய்த் துண்டு மணலை உரசிக்கொண்டு போகட்டும்.

இந்த மீனில் எனக்குப் பிடித்தது அதன் கண்தான். பெரும்பாலான தட்டை மீன்களில் ஒரு கண் குஞ்சுப் பருவத்திலேயே மறுபக்கத்துக்கு முழுதாகப் போய்விடும். இதிலோ உச்சந்தலை விளிம்போடு நின்றுவிடுகிறது. சிலதுக்குக் கண் இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம். பாதி நகர்ந்த கண்ணால் என்ன பயன் என்று 1871இல் விலங்கியலாளர் மிவார்ட் டார்வினை மடக்கினார்; அடுத்த ஆண்டு வந்த 'உயிரினங்களின் தோற்றம்' ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார். 2008இல் தொல்லுயிரியலாளர் மேட் ஃப்ரீட்மன், சுமார் 5 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களில் அப்படிப் பாதி வழியில் நின்ற கண்களைக் காட்டினார். டார்வினுக்குக் கிடைக்காத சாட்சி அது. அதன் சாயலை உயிரோடு காட்டும் மீன் நம் கடலில் கிடக்க, நாம் குழம்புக்கு மட்டுமே அதைத் தேடுகிறோம்.

அந்த மீனுக்கு ஓர் ஆபத்தும் உண்டு: தங்கூசி வலைக்குச் சட்டப்படி தடை இருந்தும் பாவனை நிற்கவில்லை. அறுந்த துண்டுகள் அடியில் மக்காமல் கிடந்து மீனைச் சிக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. மணலோடு ஒட்டி வாழும் மீனுக்கு இதைவிடக் கேடு வேண்டாம். வாகரைத் தம்பிமாரே, தூண்டிலே போதும். உள்ளங்கையளவு குஞ்சு பட்டால் கழற்றி விட்டுவிடுங்கள்.