செல்போனை 'ரூட்' பண்ணுவதற்கு முன்னால்...



நம் கல்லூரியில் இன்று செல்போன் இல்லாத மாணவரைப் பார்ப்பது அரிது. அதிலும் முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான். விடுதியில் ராத்திரி சாப்பாடு முடிந்து ஓர் அறையில் நாலு பேர் கூடினால், "மச்சான், உன் போனை ரூட் பண்ணிட்டியா?" என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். ரூட் பண்ணியவன் பெரிய ஆள், பண்ணாதவன் ஒன்றும் தெரியாதவன் என்று ஒரு நினைப்பு. நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பினால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது, ரூட் என்பது உண்மையில் என்ன, எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ரூட் என்றால் என்ன? ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. நாம் போனில் போடும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஆண்ட்ராய்டு 10000-க்கு மேலே ஓர் எண்ணைக் கொடுத்து, அதைத் தனி அறையில் பூட்டி வைக்கிறது. ஓர் ஆப்பின் சொந்தக் கோப்புகளை இன்னோர் ஆப் தொட முடியாது. ஆனால் 0 என்ற எண் உள்ள பயனர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர்தான் 'ரூட்'. நம் லேபில் மாணவனுக்கு அவன் மேசை மட்டும்தான், ஸ்டோர் ரூம் முதல் மெயின் பேனல் வரை எல்லாச் சாவியும் இருக்கும் சாவிக்கொத்து லேப் அண்ணனிடம் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான். போனை விற்கும் கம்பெனி அந்தச் சாவிக்கொத்தை நமக்குத் தருவதில்லை. அதை நம் கைக்கு வாங்குவதே ரூட் செய்வது.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 2008-ல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்.டி.சி. ட்ரீம். அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்று விற்றார்கள். அதன் ஆரம்பகால மென்பொருளில் ஒரு கோளாறு. கீபோர்டில் நாம் எதைத் தட்டினாலும் அது ரூட் உரிமையோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷெல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. 'ரீபூட்' என்ற சொல்லை மட்டும் அடித்து என்டர் தட்டினால் போன் நிஜமாகவே அணைந்து மறுபடி எழுந்தது! உடனே அப்டேட் விட்டு அதை அடைத்துவிட்டார்கள். 2014-ல் ஜார்ஜ் ஹாட்ஸ் என்பவர் 'டவல்ரூட்' என்று ஓர் ஆப் எழுதினார். கெர்னலில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, ஒரே பட்டனில் ரூட் ஆகிவிடும். அதைக் கேள்விப்பட்டுத்தான் இன்றைக்கும் நம் ஆட்கள் 'ஒரே கிளிக்கில் ரூட்' என்று தேடுகிறார்கள். அந்த ஓட்டையெல்லாம் எப்போதோ அடைபட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் கிடைக்கும் ஆப்களில் பெரும்பாலானவை உங்கள் போனில் விளம்பரத்தையோ வைரஸையோ இறக்குவதற்காக வந்தவை. நம்பாதீர்கள்.

இப்போதைய வழி வேறு. அதைப் புரிந்துகொள்ள, போனை ஆன் செய்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். முதலில் எழுந்திருப்பவர் 'பூட்லோடர்'. இவரைப் பரீட்சை ஹால் வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உள்ளே வருவது 'பூட் இமேஜ்'. கெர்னல் அதற்குள்தான் இருக்கிறது. அதில் கம்பெனியின் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பூட்லோடர் பார்ப்பார். ஹால்டிக்கெட்டில் போட்டோ மாறியிருந்தால் உள்ளே விடுவார்களா? அதே கதைதான். ரூட் செய்ய வேண்டுமானால் இந்தப் பூட் இமேஜைத் திருத்த வேண்டும். திருத்தினால் கையெழுத்து செல்லாது. அதனால் முதல் வேலையாக, சோதனை செய்யாதே என்று பூட்லோடரிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் 'பூட்லோடர் அன்லாக்' என்று பெயர்.

அன்லாக் செய்யும்போது போனில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். போட்டோ, வாட்ஸ்அப், நம்பர்கள், ஒன்றும் மிஞ்சாது. இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இல்லாவிட்டால் போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து, தன் மென்பொருளை ஏற்றி, நம் தகவலையெல்லாம் எடுத்துக்கொள்வான் அல்லவா?

இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது.

எங்கள் அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவர். துணியின் மேல் அளவுச் சீட்டை வைத்து ஒரு போட்டோ, கழுத்து டிசைன் எப்படி வேண்டும் என்று இன்னொரு போட்டோ, இப்படி எடுத்து வைத்துக்கொள்வார். நோட்டு தொலைந்துபோகும், போன் தொலையாது என்பது அவர் கணக்கு. 32 ஜி.பி. போன், ரொம்ப ஸ்லோ. வாங்கும்போதே கம்பெனி போட்டுக் கொடுத்த கேம், நியூஸ், ஷாப்பிங் என்று பத்துப் பன்னிரண்டு ஆப்கள் அழிக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தன. "தம்பி, இதையெல்லாம் எடுத்து விடேன், நீதான் இதைப் படிக்கிறியே" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்கப் போனது நான் மட்டும்தான். அதனால் கரண்ட் போனாலும் என்னிடம்தான் கேட்பார்கள், டி.வி. ரிப்பேர் ஆனாலும் என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூட் பண்ணி எல்லாவற்றையும் தூக்கிவிடலாம் என்று சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன்.

திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது. எல்லாம் அழியும் என்றுதான் அதில் எழுதியிருந்தது. நான் படிக்காமலே வால்யூம் பட்டனை அழுத்தி 'யெஸ்' கொடுத்துவிட்டேன். வைகாசி முகூர்த்தத்துக்குத் தைக்க வந்திருந்த முப்பத்தேழு ஜாக்கெட்டுகளின் அளவும் போய்விட்டது.

அதோடு விடவில்லை. யாரோ திருத்தி வைத்திருந்த பூட் இமேஜ் ஒன்றை, மாடல் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இறக்கி ஏற்றினேன். போன் லோகோவிலேயே நின்றது. அணையும், லோகோ வரும், மறுபடி அணையும். விடிய விடிய அதுதான்.

மறுநாள் பஸ் ஏறி விடுதிக்கு வந்து, மூன்றாமாண்டு சீனியர் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். "மாடல் நம்பர் என்ன? பில்டு நம்பர் என்ன? கடைசியா என்ன செஞ்சே?" முதலுக்குப் பாதி பதில் சொன்னேன். இரண்டாவது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. மூன்றாவதுக்கு, "ஒண்ணும் செய்யலண்ணே, தானா இப்படி ஆயிடுச்சு" என்று புளுகினேன். "பொய் சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுடா" என்றார் சிரிக்காமல். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உதவி கேட்டு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் "அண்ணே, என் போன் வேலை செய்யலை" என்று மட்டும்தான் சொல்கிறார்கள். கடையில் சொல்லும் பெயர் போதாது. நெக்ஸஸ் 7 என்ற டேப்லெட் 2012-ல் வந்தது, அதே பெயரில் 2013-லும் வந்தது. முதலாவதில் என்விடியாவின் டெக்ரா 3 சிப், இரண்டாவதில் குவால்காம் சிப். ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகவே ஆகாது. அதனால்தான் 'குரூப்பர்', 'ஃப்லோ' என்று இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பெயர் இருக்கிறது. உங்கள் போனுக்கும் அப்படி ஒன்று இருக்கும், தேடி எழுதிக்கொள்ளுங்கள். பில்டு நம்பர் என்பது போனில் இப்போது ஓடும் மென்பொருளின் துல்லியமான பதிப்பு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது மாறும். பூட் இமேஜும் கூடவே மாறும். நான் ஏற்றியது நாலு அப்டேட்டுக்கு முந்தையது.

போன்தான் எழவே இல்லையே, பில்டு நம்பரை எப்படிப் பார்ப்பது? அண்ணன் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி 'ரெக்கவரி' திரைக்குப் போனார். அதன் மேல் வரிகளிலேயே அது பொடி எழுத்தில் இருந்தது! அந்த எண்ணுக்கு உரிய முழு மென்பொருளை இறக்கி, அதிலிருந்த ஒரிஜினல் பூட் இமேஜை எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து 'ஃபாஸ்ட்பூட்' வழியாக ஏற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் எழுந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் போட்டோ வரவில்லை. ஒரு கடையில் 1500 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் தடுத்தார். இப்போதைய போன்களில் தகவல் எல்லாம் குறியாக்கம் செய்துதான் எழுதப்படுகிறது. அழிக்கும்போது அந்தக் குறியாக்கத்தின் சாவியே அழிக்கப்படுகிறது. சாவி போனபின் உள்ளே மிச்சம் இருந்தாலும் அது வெறும் குப்பைதான், யாராலும் படிக்க முடியாது. அம்மா முப்பத்தேழு பேர் வீட்டுக்கும் ஆள் சொல்லி அனுப்பி, மறுபடி அளவு எடுத்தார். நாலு பேர் வேறு டெய்லரிடம் கொடுத்துக்கொள்கிறோம் என்று துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார், அவ்வளவுதான்.

இதில் ரொம்ப வருத்தமான விஷயம், நான் செய்ய நினைத்த வேலைக்கு ரூட்டே தேவையில்லை! செட்டிங்ஸில் பில்டு நம்பரின் மேல் ஏழு தடவை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் கூகுள் இலவசமாகத் தரும் 'ஏ.டி.பி.' என்ற கருவியைப் போட்டுக்கொண்டால், ஒரே வரிக் கட்டளையில் அந்த ஆப்பை 'யூசர் 0'-வுக்கு மட்டும் நீக்கிவிடலாம். (இந்த 0 வேறு, ரூட்டின் 0 வேறு. இது போனின் முதல் பயனர், அதாவது நாம்தான்.) ஆப்பின் மூலப்பிரதி சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும், அதனால் பெரிதாக இடம் மிச்சமாகாது. ஆனால் அது ஓடாது, டேட்டா தின்னாது, தொல்லை தராது. தப்பாக எதையாவது நீக்கிவிட்டாலும் இன்னொரு கட்டளையில் திரும்பக் கொண்டுவரலாம். ஒரே நேரத்தில் பத்தை நீக்காமல் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஹோம் ஸ்கிரீனின் தோற்றத்தை மாற்றவும் ரூட் வேண்டாம், ஒரு லாஞ்சர் ஆப் போதும்.

அப்படியானால் ரூட்டே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனுக்கோ டேப்லெட்டுக்கோ புது உயிர் கொடுப்பது நல்ல காரியம். அதற்குப் பூட்லோடரைத் திறந்துதான் ஆக வேண்டும். 2009-ல் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் தொடங்கிய சயனோஜென்மாட் இதில் முன்னோடி. 2016 கடைசியில் அது மூடப்பட்டதும் அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் லினேஜ் ஓ.எஸ். உங்கள் போனின் குறிப்பெயர் அதன் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ரூட் மட்டும் வேண்டுமானால் மேஜிஸ்க் என்ற கருவி இருக்கிறது. ஜான் வூ என்பவர் 2016-ல் வெளியிட்டது. சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் இமேஜை மட்டும் அது திருத்துகிறது. ஆண்ட்ராய்டு 13-உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த போனாக இருந்தால் பெரும்பாலும் பூட் இமேஜுக்குப் பதில் 'இனிட் பூட்' என்பதைத் திருத்த வேண்டியிருக்கும். எதுவானாலும் உங்கள் பில்டு நம்பருக்கு உரிய ஒரிஜினலை நீங்களே எடுத்து, மேஜிஸ்க்கில் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்தவன் திருத்தியதை வாங்காதீர்கள். அந்த ஒரிஜினலின் ஒரு பிரதி கம்ப்யூட்டரில் இருந்தால், போன் லோகோவில் நின்றாலும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடலாம்.

சில பிரச்சினைகள் பின்னாலேயே வரும். ரூட் ஆன போனில் வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் பல சமயம் திறக்க மறுக்கும். பூட்லோடர் திறந்திருந்தாலே சில மறுக்கும். எங்கள் அம்மாவுக்கு அதுவும் நடந்தது. வாடிக்கையாளர் க்யூ.ஆர். கோடில் 350 ரூபாய் போட்டுவிட்டேன் என்பார், வந்ததா என்று பார்க்க அம்மா போனில் ஆப் திறக்காது. சாம்சங் போன்களில் 'நாக்ஸ்' என்று ஒன்று உண்டு. பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு ஃபியூஸ் எரிந்த மாதிரி குறி விழும். பழையபடி பூட்டினாலும் அது மாறாது, செக்யூர் ஃபோல்டர் அதோடு போச்சு. சில கம்பெனிகள் பூட்லோடரைத் திறக்கவே விடுவதில்லை. வேறு சில விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கச் சொல்லும்.

திரும்பப் பூட்டுவதில்தான் பெரிய ஆபத்து. உள்ளே திருத்திய பூட் இமேஜ் இருக்கும்போதே பூட்லோடரைப் பூட்டினால் போன் எழவே எழாமல் போகலாம். கடைக்காரர்கள் 'டெட்' என்பார்களே, அதுதான். முழு ஒரிஜினல் மென்பொருளையும் ஏற்றி, ஒரு தடவை ஒழுங்காக ஆன் ஆகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். பூட்டும்போதும் எல்லாம் அழியும்! அம்மா போனை நான் அப்படித்தான் பூட்டினேன். இந்தத் தடவை புது அளவுப் போட்டோக்களை லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று அம்மாவை விட்டே பார்க்கச் சொன்ன பிறகுதான் கை வைத்தேன். பணம் பார்க்கும் ஆப் அன்றைக்கே திறந்துவிட்டது.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் போனைக் காட்டவில்லை என்று நான் இரண்டு மணி நேரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். டேட்டா போகிற கேபிள்தானா என்று முதலில் பாருங்கள். பேட்டரி பாதிக்கு மேலே இருக்கட்டும்.

இதில் சந்தேகம் உள்ளவர்கள் விடுதியில் என்னைப் பார்க்கலாம், அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது மாடல் நம்பர், பில்டு நம்பர், கடைசியாகச் செய்தது என்ன, மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.