கடலைப் பூ வாடினா காய் போச்சா? கொடி, சிறகு, படகு: ஒரு பூவைப் பிரிச்சுப் பார்ப்போம்

(ஒலிப்பதிவில் பேசியதைப் படிக்க ஏதுவாகச் சுருக்கித் தொகுத்தது.)

எருமப்பட்டியில இருந்து ஒரு அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஆடிப்பட்டத்துல கடலை போட்டிருக்கார். "காலையில செடி பூரா மஞ்சளா பூ நிக்குது. மத்தியானம் போய்ப் பார்த்தா அத்தனையும் வாடிப் போயிருது. மருந்து அடிக்கச் சொல்றாங்க, அடிக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

இதுக்குப் பதில் அந்தப் பூவுக்குள்ளயே இருக்கு. அவர் கண்ணுக்கு வாடுற பாகம் வேற, காயாகிற பாகம் வேற. அதனால பாகங்களோட பேரை முதல்ல பார்த்துருவோம்.

கடலைப் பூ சின்னது. பிரிச்சுப் பழக அகத்திப் பூதான் வசதி. பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்ல கொடி ஏத்த நட்டிருப்பாங்களே, அதே அகத்தி. கடலை, துவரை, அவரை, தட்டைப்பயறு, அகத்தி எல்லாமே ஃபேபேசி என்கிற ஒரே குடும்பம்.

பூவோட அடியில பச்சையா ஒரு கிண்ணம் இருக்கும். அது புல்லி வட்டம். அதுக்கு மேல அஞ்சு இதழ். அஞ்சும் ஒரே மாதிரி இருக்காது. எல்லாத்துக்கும் வெளியே அகலமா நிக்கிற ஒத்தை இதழுக்குப் பேரு கொடி இதழ். இந்த இடத்துலதான் பசங்க குழம்புறாங்க. இது படர்ற கொடி இல்லைங்க, கம்பத்துல ஏத்துற கொடி. வெக்ஸில்லம்னு புத்தகத்துல வரும், லத்தீன்ல படைக்கொடின்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா இருக்கிறது சிறகு இதழ்கள். நடுவுல ரெண்டு இதழ் விளிம்பு ஒட்டி, படகு மாதிரி குழிஞ்சிருக்கும். அதுதான் படகு இதழ். மொத்தமாப் பார்த்தா வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி தெரியும். அதனாலதான் வண்ணத்துப்பூச்சி வடிவ அல்லி வட்டம்னு சொல்றாங்க.

படகைப் பிரிச்சா உள்ளே பத்து மகரந்தத் தாள் இருக்கும். அகத்தியில ஒன்பது ஒண்ணாச் சேர்ந்திருக்கும், ஒண்ணு தனியா நிக்கும். இதுக்கு இருகற்றைன்னு பேரு. அதுக்கும் நடுவுல சூலகம். பிஞ்சு ஆகப்போறது அதுதான். அகத்திப் பூவைப் பொரியல் பண்றப்போ கசக்கும்னு நடுவுல ஒரு நரம்பை உருவிப் போடுவோமே, அது இந்தத் தாளும் சூலகமும்தான்.

இந்த அமைப்பு சும்மா அழகுக்கு இல்லை. துவரைப் பூவுல ஒரு தேனீ வந்து உட்கார்ந்தா அதோட எடையில சிறகும் படகும் கீழே இறங்கும். உள்ளே இருக்கிற மகரந்தம் தேனீயோட வயித்துல ஒட்டும். கொடி இதழ் தூரத்துல இருந்து கூப்பிடுற விளம்பரப் பலகை. படகு பெட்டகம்.

இப்போ கடலைக்கு வருவோம். கொடி, சிறகு, படகு எல்லாம் அதுலயும் உண்டு. ஆனா ரெண்டு விஷயம் மாறும். ஒண்ணு, பூவைத் தாங்கி நிக்கிற நீளமான காம்பு நிஜத்துல காம்பே இல்லை. அது உள்ளே கூடான குழாய். சூலகம் பூவுக்குப் பக்கத்துல இருக்காது, குழாயோட அடியில, இலைக்கோணத்துல ஒளிஞ்சிருக்கும். ரெண்டு, கடலை பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏத்துக்கும். விடியக்காலம் பூ விரியுறதை ஒட்டி, படகுக்குள்ளயே அந்த வேலை முடிஞ்சிரும்.

அப்போ மத்தியானம் வாடுறது எது? வேலை முடிஞ்ச இதழும் குழாயும். சூலகம் கீழே பத்திரமா இருக்கு. ஒரு வாரம் போல கழிச்சு, சூலகத்துக்கு அடியில இருக்கிற திசு நீண்டு, சூலகத்தை நுனியில வச்சுக்கிட்டே மண்ணைப் பார்த்து இறங்கும். நாம விழுதுன்னு சொல்றது அதைத்தான். பார்க்க வேர் மாதிரி இருந்தாலும் வேர் இல்லை. மண்ணுக்குள்ள போன பிறகுதான் நுனி பருத்துக் காயாகும். அறிவியல் பேரு அராக்கிஸ் ஹைப்போஜியா. ஹைப்போஜியான்னா மண்ணுக்கு அடியிலன்னு அர்த்தம்.

அதனால அண்ணா, பூ மத்தியானம் வாடுறதை மட்டும் பார்த்து மருந்துக்குக் காசு செலவழிக்காதீங்க. அது நோய் இல்லை. பூக்கிற அத்தனையும் காயாகவும் செய்யாது. செடியில மேலே உசரத்துல வர்ற விழுது மண்ணைத் தொட முடியாமக் காஞ்சிரும்.

உங்க கவனம் விழுது மேல இருக்கட்டும். 40 முதல் 45வது நாளுக்குள்ள ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைச்சிருங்க. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை விழுதும் பிஞ்சும் சுத்தியிருக்கிற மண்ணுல இருந்தே நேரா எடுத்துக்கும். அது பத்தலைன்னா பொக்கா நின்னுரும். மண் அணைச்ச பிறகு களைக்கொத்தோட உள்ளே போகாதீங்க. இறங்கின விழுது அறுந்தா, அதுதான் நிஜமான நட்டம்.

சந்தேகம் இருந்தா நாளைக்குக் காலையில பூ பூத்த பத்து இலைக்கோணத்துல கலர் நூல் கட்டி வைங்க. பத்து நாள் கழிச்சு அதே இடத்துல எத்தனை விழுது வந்திருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு, இன்னொரு குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த பகுதியில அதை வச்சே பேசுவோம்.