காலி செய்!

"காலி செய்!"

இரண்டே சொற்கள். சொல்பவருக்கு ஒரு நொடி வேலை. கேட்பவருக்கோ அடுப்பு, அரிசிப்பானை, பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலைக்கு நடக்கும் தொலைவு, கடன் கொடுக்கும் மளிகைக்கடை, அத்தனையும் அந்த இரண்டு சொற்களிலே ஆட்டம் காண்கின்றன.

சென்ற மாதம் திருப்பூரிலிருந்து தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். 8 குடும்பங்கள் வாழும் லைன் வீட்டில் ஒரு வீடு அவருடையது. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான் அரண்மனை! 11 மாதம் என்று பேசிக் குடிபுகுந்தார். அட்வான்சும் கொடுத்தார். ஒரு நாளும் வாடகை பாக்கி வைத்ததில்லை. ஐந்தாம் மாதம் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, ஒண்ணாந்தேதிக்குள்ள வீட்டை விட்டுக் கொடுத்துரு."

"ஏனுங்க, பதினோரு மாசம்னு பேசினோமுங்களே! பையனுக்குப் பரீட்சை நடக்குதுங்க."

"பேசினோம். இப்ப இல்லைங்கிறேன். எம் மச்சான் மகன் குடி வர்றான்."

மச்சான் மகன் வரவில்லை. புரோக்கர்தான் வந்தார், கூடுதல் வாடகைக்கு ஆள் பிடித்துக்கொண்டு! தோழர் அசையவில்லை. மறுநாள் அவர் வீட்டுக் குழாய்க்குப் போகும் வால்வு மூடப்பட்டது. மூன்றாம் நாள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பியூஸ் பிடுங்கப்பட்டது. மாதம் பிறந்து வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்க மறுத்துவிட்டார்.

"வாங்காட்டிப் போறார், நமக்கு மிச்சந்தானுங்க" என்றார் தோழர்.

மிச்சமா? எலிக்குப் பொறியிலே வைத்த தேங்காய்ச் சில் மிச்சம் என்றால், இதுவும் மிச்சந்தான்! இரண்டு மாத வாடகை பாக்கி, கேட்டு நோட்டீசு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், அதையே காரணம் காட்டி வெளியேற்றக் கேட்கலாம் என்கிறது சட்டம். வாங்க மறுத்தவரே நாளைக்கு "வாடகை தரவில்லை" என்று வழக்காடுவார். ஆகவே, மறுத்த வாடகையை வங்கி வழியாக அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் திருப்பினால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வேண்டும். சட்டம் அந்த வழியையும் திறந்தே வைத்திருக்கிறது.

சட்டம் என்றதும் தோழர் சிரித்தார். "சட்டமெல்லாம் வீட்டுக்காரருக்குங்க" என்றார்.

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பேசுவோம்.

1960ஆம் ஆண்டு வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், எழுத்து இல்லாவிட்டாலும் குடியிருப்பவனுக்கு ஒரு வேலி இருந்தது. குறிப்பிட்ட காரணங்களைக் காட்டினாலன்றி வெளியேற்ற முடியாது. (அந்த வேலிக்குள் இருந்துகொண்டு, கடைத்தெருவில் பழைய வாடகையிலேயே தலைமுறை கடத்திய பெரிய வியாபாரிகளும் உண்டு, அதையும் மறைப்பானேன்!) அதை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது இன்றைய சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது என்று அதற்குப் பெயர். குடக்கூலி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் என்று எழுதிப் பதிவுக்குத் தப்பிய பழைய தந்திரம் இங்கே செல்லாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள்! வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் முதலாவதாக நிற்பது எது? இருவரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது! எழுத மறுப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுக்காரர். "தாளெல்லாம் எதுக்குப்பா, நான் என்ன ஓடியா போறேன்?" என்பவரும் அவரே. தாள் இல்லை என்று வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுபவரும் அவரே. தவறு இருவருடையது, தெருவில் நிற்பவர் ஒருவர். இந்த அநியாயம் திருத்தப்பட வேண்டும் என்று நாம் கூறுகிறோம். எழுத மறுத்தவர், எழுதாததையே ஆயுதமாக்க இடங்கொடுக்கலாகாது.

இனி மறு பாதி. அது தெரியாததால்தான் பலர் இரவோடிரவாக மூட்டை கட்டுகிறார்கள்.

எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இருந்தால், காலம் முடியுமுன் மச்சான் மகனுக்காகவோ புரோக்கருக்காகவோ வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, சம்மதமின்றி வேறொருவரிடம் வீட்டை விட்டுவிடுவது, எச்சரித்தும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்தாலொழிய நடக்காத கட்டட வேலை என்பவை போன்ற காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றம் சென்றாக வேண்டும். மீன் குழம்பு வாசனை அந்தப் பட்டியலில் இல்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுக் கிடைக்கும் விடையும் இல்லை.

தாளே இல்லையா? அப்போதும் காரணம் சொல்லி மனுப் போட மட்டுமே உரிமையாளருக்கு வழி உண்டு. பானை சட்டியைத் தெருவில் எறியும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டவழியின்றி ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றினால், 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் உள்ளே நுழையலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. சட்டத்தின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும், 6 மாதம் என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீரை அடைப்பதும் மின்சாரத்தை அறுப்பதும் 20ஆம் பிரிவின்படி கூடாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியுமுன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால ஆணை பெறலாம். முறையாகக் காலி செய்தவருக்கு அட்வான்சை, பாக்கி போக, ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். "வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டேன்" என்று வாயால் முழுங்குவதற்கு அது அவர் வீட்டுப் பாயசமல்ல.

இத்தனையும் கேட்ட தோழரிடம் ஒன்று கேட்டோம். "மற்ற 7 வீட்டார் என்ன செய்தார்கள்?"

"கதவைச் சாத்திக்கிட்டாங்க."

அப்போது அவருக்குக் கிளாஸ்கோ கதையைச் சொன்னோம். ஸ்காட்லாந்திலுள்ள கப்பல் கட்டும் பட்டணம் அது. 1915, முதல் உலகப் போர்க்காலம். ஆண்கள் பலர் போர்முனையில். ஊருக்கு வேலையாட்கள் திரண்டு வர, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கொடுக்காதவர்களைத் தெருவுக்குத் தள்ள ஆள் அனுப்பினார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்னும் பெண்மணி அண்டை வீட்டுப் பெண்களைத் திரட்டினார். வெளியேற்றும் ஆள் சந்தில் நுழைந்தால் மணி ஒலிக்கும். மாவும் ஈரத்துணியும் அவர் தலைமீது பறக்கும். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகை மறுப்பில் இறங்கின. நவம்பர் 17இல் 18 பேரை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வந்து வாயிலில் நின்றார்கள். வழக்குகள் கைவிடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள், வாடகையைப் போருக்கு முந்திய 1914 ஆகஸ்ட் அளவிலே நிறுத்தி வைக்கும் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

தோழர் ஊர் திரும்பினார். கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டுமென்று மனுவை எழுதிக் கொடுத்தார். வாடகையை வங்கி வழியாக அனுப்பிச் சீட்டை நமக்கும் காட்டினார். பக்கத்து வீட்டு அம்மா தம் குழாயிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதிகாரியின் ஆள் வந்து பார்த்துப்போன மறுநாளே வால்வு திறந்தது, விளக்கும் எரிந்தது. ஒப்பந்தத்தாளில் மட்டும் கையெழுத்து இன்னும் விழவில்லை. "எழுத மாட்டேன்" என்கிறாராம் வீட்டுக்காரர். இப்போது மற்ற 7 வீட்டாரும் அதே தாளைக் கேட்கிறார்களாம்.