சோறூட்டும் சோட்டா பீம்

ராஜபாளையத்தில் பல வீடுகளின் பொழுது ஷிப்ட் கணக்கில்தான் நகர்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே இது நூற்பாலை ஊர். அம்மா மாலை ஷிப்ட், அப்பா நைட் ஷிப்ட் என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ராத்திரிச் சோறு ஊட்டுவது அம்மாச்சி. சில வீடுகளில் அவர் அவ்வா. வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. அம்மாச்சியானாலும் அவ்வாவானாலும் அந்த நேரத்தில் கைகொடுப்பது ஒரே ஆள்தான்: டோலக்பூர் சோட்டா பீம்.

அந்த அரை மணி நேரத்தைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பருப்புச் சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டோரம் வைத்திருக்கிறார் அம்மாச்சி. டிவிக்கு நாலடி தள்ளிச் சப்பணமிட்டிருக்கிறது பிள்ளை. பீம் லட்டை விழுங்கிவிட்டு எதிரியைத் தூக்கி எறிகிறான். பிள்ளை வாயைப் பிளக்கிறது. உருண்டை உள்ளே போகிறது. மெல்ல மறந்து, அது கன்னத்தில் அடங்கிக் கிடக்கிறது. "முழுங்குடா தங்கம்" என்று முதுகில் தட்டினால்தான் இறங்கும். கரண்ட் போனால் கதை கந்தல். அதுவரை சத்தமில்லாமல் வாங்கிக்கொண்ட பிள்ளை, தன் முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டிருப்பதை அப்போதுதான் பார்க்கிறது. வாயை இறுக மூடிக்கொள்கிறது. வயிறு எப்போதோ நிறைந்துவிட்டதா, இன்னும் பசிக்கிறதா? பிள்ளைக்கும் தெரியாது, ஊட்டியவருக்கும் தெரியாது.

கார்ட்டூன் குழந்தைகளை என்ன செய்கிறது என்று பேச்செடுத்தால் நாம் முதலில் சண்டைக் காட்சிகளுக்குப் போய்விடுகிறோம். நான் முதலில் கைகாட்டுவது இந்தச் சோற்றுத் தட்டை.

சண்டைப் பயத்தை ஒதுக்கித் தள்ளவும் முடியாதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா 1963இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பூனை வேடமிட்ட ஒருவர் காற்றடைத்த பொம்மையைப் போட்டு அடிப்பதை, கார்ட்டூன் போலப் படமெடுத்து நர்சரிக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பார்த்த பிள்ளைகள் பொம்மையிடம் அதே வேலையைக் காட்டின. நம் நாட்டில், கார்ட்டூன் இல்லாவிட்டாலும், 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' நினைவிருக்கும். அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்குவதாகச் செய்திகள் வந்தன. வேடமிட்ட முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்யாதீர்கள் என்று புத்தி சொல்ல வேண்டியதாயிற்று. அடாவடிப் பிள்ளையான ஷின்சானை 2008இல் மத்திய அரசு தடை செய்தது. மறு வருடமே சில இடங்களை வெட்டிவிட்டுத் திரும்பவும் வந்துவிட்டான்.

ஆனால் பாவனை கண்ணுக்குத் தெரிகிற விஷயம். தெருவில் ஒரு பயல் பீம் மாதிரி இன்னொருவனை உதைத்தால் திண்ணையிலிருந்து "ஏலேய்!" என்று ஒரு குரல் வரும், அத்தோடு அடங்கும். தட்டுக்கு முன்னால் நடப்பதை யாரும் அதட்டுவதில்லை. சோறு மிச்சமில்லாமல் இறங்கிவிடுகிறதே, அதில் என்ன குற்றம் சொல்ல?

அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினார்கள், அதுவும் பராக்குக் காட்டுவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நிலா இல்லாத நாளில் 192 அடி ராஜகோபுரம் இருந்தது. காக்காய், தெருவில் போகும் மாடு, மணியடிக்கும் ஐஸ்காரர் என்று பராக்குக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் நிலா பேசாது. அதற்காகப் பேசியது ஊட்டியவர்தான். கதையின் நடுவில் பிள்ளை கேள்வி கேட்கும், அவர் முகத்தைப் பார்க்கும், போதும் என்று தலையை ஆட்டும். டிவி முன்னால் இது மூன்றுமே நின்றுபோகிறது. பேசும் வேலையையும் பெட்டி எடுத்துக்கொண்டதால் அம்மாச்சியிடம் மிஞ்சியது உருட்டும் வேலை மட்டும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியை ஒட்டிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். தறிச் சத்தத்துக்கு மேல் டிவியைக் கூட்டி வைக்க வேண்டும், அதற்கும் மேல் யார் கதை சொல்வது?

வேகம் இன்னொரு சங்கதி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் படபடவென ஓடும் கார்ட்டூன், ஒன்றுக்கு நிதானமான கார்ட்டூன், ஒன்றுக்குக் கிரேயானும் காகிதமும். எல்லாம் ஒன்பதே நிமிடம். வேகமான படத்தில் சராசரியாக 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி முழுதாக மாறியது. நிதானமான படத்தில் 34 விநாடி. அது முடிந்ததும், சொன்னதை நினைவில் வைத்தல், ஆசையை அடக்கிக் காத்திருத்தல் போன்ற சின்னச் சின்னச் சோதனைகள். வேகப் படம் பார்த்த பிள்ளைகள் பின்தங்கின. பார்த்த கையோடு நடந்த சோதனை இது. வருடக்கணக்கில் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. ஆனாலும் ராத்திரி டிவியை அணைத்த பிறகு பிள்ளை ஏன் படுக்கையில் அப்படி உருளுகிறது என்று கேட்கும் அம்மாச்சிகள் யோசித்துப் பார்க்க இதில் விஷயம் இருக்கிறது.

எல்லாக் கார்ட்டூனையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது. சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியிருந்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடு போய்ச் சேர்ந்தன. 2008இல் போகோ சேனலில் சோட்டா பீம் வந்தான். அந்த ஆண்டுகளில் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளில் சிலர் இன்று ஆலைக்கு ஷிப்ட் போகும் அம்மாக்கள். அவர்களிடம் சுட்டி டிவியில் பார்த்த டோராவையும் புஜ்ஜியையும் பற்றிக் கேட்டால் முகம் மலர்கிறது. டோரா கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள், பிள்ளைகள் டிவியைப் பார்த்துக் கத்துவார்கள். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் டோரா போன்றவற்றைப் பார்த்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சொல்வளம் கூடியிருந்தது. டெலிடப்பீஸ் பார்த்தவர்களுக்குக் குறைந்திருந்தது. வீட்டில் தெலுங்கு கேட்டு வளர்ந்த ராஜபாளையத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கொஞ்சம் தமிழ் பழக்கிக் கொடுத்ததில் டோராவுக்கும் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். வங்கதேசத்தில் நிலைமை நேர்மாறு. இந்தி பேசிய டோரேமான் கார்ட்டூனைப் பார்த்துப் பிள்ளைகள் இந்தியில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று 2013இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. தமிழில் குரல் கொடுத்துப் போட்டதால் நமக்கு அந்தத் தலைவலி இல்லை. டப்பிங் கலைஞர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை, நாம் சொல்லிவைப்போம்.

லட்டு விஷயத்துக்கு வருவோம். பீமுக்கு லட்டு தின்றால் பலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தக் கடைகளின் முன்னால் நின்றே லட்டு வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. இதைச் சிரித்துவிட்டு விடலாம். நடுநடுவே வரும் விளம்பரத்தை விட முடியாது. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகள் சேனலிலும் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலேயே விதி போட்டிருக்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மீறல் கண்ணில் பட்டால் புகார் செய்யலாம்.

இப்போது டிவியும் பழசாகிறது, பல வீடுகளில் தட்டுக்குப் பக்கத்தில் செம்பில் சாய்த்து வைத்த செல்போன். டிவியில் ஓடுவதாவது கூடத்தில் இருப்பவர் காதில் விழும். போனில் ஒன்று முடிந்து அடுத்தது என்ன வருகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுவரை கூடாது, ஐந்து வயதுவரை ஒரு மணி நேரம் போதும் என்கிறது. வேளைக்கு அரை மணி என்று மூன்று வேளையும் திரை முன்னால் ஊட்டினால் சோற்றோடேயே அந்தக் கணக்கு தாண்டிவிடும். அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கார்ட்டூன் நல்லது என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் சோற்று நேரத்தில் மட்டும் அணைத்துப் பாருங்கள். முதல் சில நாள் பாதித் தட்டு திரும்பி வரும். வரட்டும்.

இதை அம்மாச்சியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. அறுபது வயதில், முழங்கால் வலியோடு, காலையில் ஒரு பேரனைப் பள்ளிக்கு அனுப்பி, சாயங்காலம் இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொள்பவர் அவர். அவருக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தது டிவி மட்டும்தான். கேட்க வேண்டிய இடம் வேறு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயம் என்று 2017இல் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஷிப்ட் போகும் அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் ஆலையில் காப்பகம் எங்கே இருக்கிறது, மாலை ஷிப்டிலும் திறந்திருக்கிறதா, உள்ளே பிள்ளைகளோடு பேச ஆள் இருக்கிறாரா, இல்லை சுவரில் ஒரு டிவி மட்டும்தானா என்று கேளுங்கள்.