பொள்ளாச்சியில் அப்படி என்னதான் இருக்கு?

"சினிமாக்காரங்க ஏன்டா திரும்பத் திரும்பப் பொள்ளாச்சிக்கே ஓடறாங்க?" ஹாஸ்டலில் ஒருநாள் பட்டிமன்றமே நடந்தது. "பச்சைப்பசேல்னு இருக்கு, அவ்வளவுதான்" என்றான் ஒரு நண்பன். பச்சை தஞ்சாவூரிலும் இருக்கிறதே!

தேவர் மகன் (1992), எஜமான் (1993) போன்ற படங்கள் அங்கே எடுக்கப்பட்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல நண்பர்களே, கணக்கும்தான். நூறு பேர் கொண்ட யூனிட் இடம் மாற இரண்டு மணி நேரம் ஆனால், எட்டு மணி நேர கால்ஷீட்டில் கால்வாசி காலி. பேட்டாவும் வாடகையும் மட்டும் நிற்காது. பொள்ளாச்சியிலோ தென்னந்தோப்பு, வாய்க்கால், ஓட்டு வீடு எல்லாம் டவுனைச் சுற்றியே கிடக்கின்றன. ஆழியாறு அணை சுமார் 25 கிலோமீட்டர். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டம். ஒரே லாட்ஜில் தங்கி மூன்று ஊர்க் கதையை முடித்துவிடலாம்! ஹீரோ கோவைக்கு விமானத்தில் வருவார். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது நீலகிரி எக்ஸ்பிரஸ். மாட்டுவண்டி, காளை வேண்டுமென்றாலும் கவலையில்லை, பொள்ளாச்சிச் சந்தை மாட்டுக்குப் பேர்போனது. தோட்டக்காரர்களும் ஷூட்டிங் பார்த்துப் பழகியவர்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயிலின் கடுமையைக் குறைக்கும். ஆனால் அதே கணவாய் ஜூன், ஜூலையில் மேகத்தையும் அனுப்பும். ஒரு ஷாட்டில் வெயில், அடுத்த ஷாட்டில் நிழல் என்றால் எடிட்டிங்கில் ஒட்டாது. கேமராமேன் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், தயாரிப்பாளர் கேமராமேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்!

டப்பிங்கை நம்பியிருந்தவரை பம்புசெட் சத்தம் யாருக்கும் தொல்லையில்லை. ஸ்பாட்டிலேயே குரல் பதிவு செய்யும் படங்களுக்கு அமைதியான இடமும் தேவை. டாப்சிலிப்பில் அமைதி உண்டுதான். ஆனால் ஆனைமலை 2007-ல் புலிகள் காப்பகமானது. வனத்துறை அனுமதி இல்லாமல் டிரைபாடைக்கூட இறக்க முடியாது.

இத்தனை இருந்தும் ஊருக்கு மிஞ்சுவது என்ன? லாட்ஜ் வாடகை, மெஸ் வியாபாரம், கூட்டத்தில் நின்றவர்களுக்கு ஒருநாள் சம்பளம். கேமரா, லைட், ஜெனரேட்டர் வண்டி, அதை இயக்கும் ஆள் எல்லாம் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் வருகின்றன. மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரிப்பதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நம்ம எலக்ட்ரிகல் பசங்களுக்குத் தெரியாத வேலையா? பொள்ளாச்சிப் பையன் ஒருவன் டிப்ளமோவை வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறான். உள்ளே ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறார்.