ஒரே மீட்டர், பல சட்டி

சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரே வீட்டைப் பகிர்ந்து குடியிருப்பவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "கேஸ் தீர்ந்து போச்சு, இந்தத் தடவை யார் வாங்குறது?" என்று ஒருவர் கேட்பார். "பேசாம இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிடலாமே, கரண்டுல சமைச்சா தோம்பு தூக்குற வேலையே இல்ல" என்பார் இன்னொருவர். லயத்து வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தாலும், தாமானில் ஐந்தாறு பேர் வாடகைக்குச் சேர்ந்திருந்தாலும் பேச்சு இதுதான். எது மலிவு என்பதற்குப் பதில் அடுப்பில் இல்லை. உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் இருக்கிறது.

தோம்பின் கணக்கு

வீட்டுச் சமையலுக்கான கேஸ் கிலோ 1 வெள்ளி 90 காசு. 2010 டிசம்பரிலிருந்து தீபகற்பத்தில் இதுதான் விலை. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு ஆகிறது. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினால் அதற்கான கூலி தனி. இந்த விலை அரசாங்க மானியத்தால் நிற்கிறது. மானியம் இல்லாத 14 கிலோ வணிகத் தோம்பு 70 வெள்ளியை ஒட்டி விற்கிறது.

ஒரு கிலோ கேஸில் ஏறத்தாழ 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. அப்படியானால் ஒரு தோம்பில் சுமார் 180 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் எரியும் சூடு முழுவதும் சட்டிக்குப் போவதில்லை. ஏறக்குறைய பாதி, சட்டியின் ஓரமாக வழிந்து அடுப்படியைத்தான் சூடாக்குகிறது. மிச்சம் சுமார் 90 யூனிட்தான் குழம்புக்கும் சோற்றுக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் வீணாவது குறைவு. அது சட்டியின் அடிப்பாகத்தையே சூடாக்குவதால், இழுக்கும் கரண்டில் 85 விழுக்காடு வரை சமையலுக்குச் சேரும். ஆகவே ஒரு தோம்பு செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 105 யூனிட்டில் முடித்துவிடும். இந்த 105 யூனிட் என்ன விலை என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

கரண்டுக்கு ஒரே விலை இல்லை

தெனாகா நேஷனலின் புதிய கட்டணம் 2025 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 44.43 காசு. அதிலிருந்து சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். 300-ஐ நெருங்கும்போது கழிவு 22.5 காசு, 450-இல் 14.5 காசு, 600-இல் 9 காசு. இப்படித் தேய்ந்து 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. 600-ஐத் தாண்டும் வீட்டுக்கு மாதம் 10 வெள்ளி சேவைக் கட்டணமும் சேரும்.

பழைய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100 யூனிட்டுக்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறியது. மேல்படிக்குப் போனாலும் கீழ்ப்படியின் மலிவு விலை கையை விட்டுப் போகாது. இப்போது அப்படியில்லை. மேல்படிக்குப் போனால் அந்தப் படியின் குறைந்த கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும். புதிதாக ஒரு அடுப்பைச் செருகினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஐஸ்பெட்டி, விசிறி, டிவி எல்லாவற்றின் யூனிட்டும் சேர்ந்து விலை ஏறும்.

இரண்டு வீடுகள்

மாதம் ஒரு தோம்பு தீரும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். சிறு வரிகளை விட்டுவிடுவோம்.

முதல் வீட்டில் கணவன், மனைவி, ஒரு பிள்ளை. ஏர்கோன் கிடையாது. மாதம் 190 யூனிட், பில் சுமார் 37 வெள்ளி. சமையல் முழுவதையும் கரண்டுக்கு மாற்றினால் 295 யூனிட் ஆகும்; பில் சுமார் 65 வெள்ளி. கூடுதல் 28 வெள்ளி. தோம்பு விலையோடு கிட்டத்தட்டச் சமம்தான். இந்த வீட்டுக்காரர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது வீட்டில் ஆறு பேர், இரண்டு அறைகளில் ஏர்கோன். ஏற்கெனவே 450 யூனிட், பில் சுமார் 135 வெள்ளி. அதே 105 யூனிட்டைச் சேர்த்தால் 555 ஆகும். பில் சுமார் 197 வெள்ளி. கூடுதல் 62 வெள்ளி! அதே சோறு, அதே குழம்பு, அதே அடுப்பு. தோம்புக்கு ஆகும் செலவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆள் கூடக் கூடச் செலவு பங்காகிக் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். வாடகையில் அது சரி. ஒரே மீட்டரில் ஓடும் கரண்டில் அது தலைகீழ். சேர்ந்து வாழும் வீட்டில் கேஸ் அடுப்பு இன்னும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பில் கட்டுவது யார்?

தோட்டங்களில் இந்தக் கணக்கு இன்னொரு பக்கமும் திரும்பும். தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளி தண்ணீரும் மின்சார வசதியும் செய்து தர வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். கரண்ட் பில்லை நிர்வாகமே கட்டும் வீட்டில் கேஸ் மட்டும் தொழிலாளியின் கைக்காசு. அங்கே எல்லாரும் கரண்டில் சமைக்கத்தான் பார்ப்பார்கள். நிர்வாகம் அதற்குத் தடை போடத்தான் பார்க்கும். பில் வாடகையோடு சேர்ந்த தாமான் வீட்டிலும் இதே கதைதான். ஆகவே அடுப்பை மாற்றுவதற்கு முன்னால் பில்லைக் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பங்கு பிரிப்பதிலும் வித்தியாசம் உண்டு. தோம்பு தீர்ந்தால் எல்லாருக்கும் தெரியும். இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்று முடித்துவிடலாம். கரண்ட் பில்லில் அடுப்பு எவ்வளவு, ஏர்கோன் எவ்வளவு என்று எழுதியிருக்காது. சமைக்காதவர் சமைப்பவரைப் பார்ப்பார். சமைப்பவர் ஏர்கோன் போடுபவரைப் பார்ப்பார். சுவர் பிளக்கில் செருகி, கருவி இழுக்கும் யூனிட்டைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி அடுப்புக்கு வைத்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீரும். 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சட்டிக்கு எந்த அடுப்பு

இண்டக்‌ஷனுக்குக் காந்தம் ஒட்டும் சட்டிதான் வேண்டும். அலுமினிய குக்கர், மண்சட்டி, பித்தளைப் பானை எதுவும் அதில் சூடேறாது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் சட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள்; கெட்டியாக ஒட்டினால் சரி. எவர்சில்வரிலும் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. சிவப்பாகக் கனலும் இன்ஃப்ராரெட் அடுப்பு எந்தச் சட்டியையும் ஏற்கும், ஆனால் இண்டக்‌ஷனைவிடக் கரண்ட் கூடுதலாக இழுக்கும்.

ஊர்ப் பெயரிலேயே இருக்கும் செம்பிலாங் மீனை மண்சட்டியில் குழம்பு வைக்கவும், பெரிய குவாலியில் மீ கோரேங் பிரட்டவும், வாசலில் பொங்கல் பானை வைக்கவும் நெருப்பு வேண்டும். சோற்றுக்கு ரைஸ் குக்கர் போதும். தேநீருக்கு மின்கெண்டி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 0.1 யூனிட்தான் ஆகும், 10 காசுகூட வராது. நம் வீடுகள் பலவற்றில் பெண்கள் இந்தப் பிரிவினையைக் கணக்குப் போடாமலே செய்து வைத்திருக்கிறார்கள்.

பயம் எதற்கு, எச்சரிக்கை எதற்கு

2025 ஏப்ரல் 1-இல் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்ததைப் பார்த்த பிறகு வீட்டுத் தோம்பைக் கண்டும் பயந்தவர்கள் உண்டு. அங்கே வெடித்தது நிலத்துக்கடியில் ஓடும் பெரிய குழாய். அதில் போவது இயற்கை எரிவாயு. தோம்பில் இருப்பது வேறு வாயு, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைத் தட்டாதீர்கள், தீக்குச்சி உரசாதீர்கள். தோம்பின் வால்வை மூடி, கதவைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து நில்லுங்கள். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் சிரிம் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். விரிசல் விட்ட ரப்பர் குழாயை மாற்றிவிடுங்கள். தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

கரண்டின் ஆபத்து சத்தமில்லாதது. நம் சுவர் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மட்டும் என்றால் தாங்கும். அதே எக்ஸ்டென்ஷனில் மின்கெண்டியையும் செருகினால் 17 ஆம்பியரைத் தாண்டும், வயர் சூடேறி உருகலாம். லைட்டும் விசிறியும் மட்டும் ஓடுவதற்காகப் போட்ட பழைய லயத்து வயரிங்கில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுவதற்கு முன்னால் உரிமம் பெற்ற வயர்மேனிடம் காட்டுங்கள். பிளக் தொட்டால் சுடுகிறதா? அன்றே நிறுத்துங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் ஏறினால் முதலில் நிற்பது கரண்ட்தான். பெருக்குக் காலத்தில் கையில் ஒரு தோம்பு இருப்பது நல்லது; வால்வை மூடி, உயரமான இடத்தில் மிதந்து போகாமல் கட்டி வைக்க வேண்டும்.

முடிவு எடுக்கும் முறை

போன மாத பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்கள். 200-க்குள் இருந்தால் கரண்டுக்கு மாறலாம். பெரிய நட்டம் இல்லை. 400-ஐத் தாண்டியிருந்தால் நெடுநேரச் சமையல் கேஸிலேயே இருக்கட்டும். இடையில் இருந்தால் சோறும் தண்ணீரும் கரண்டில், மற்றது கேஸில். மானியம் எடுக்கப்பட்டு வீட்டுத் தோம்பும் 70 வெள்ளி ஆகும் நாள் வந்தால், ஆறு பேர் வீட்டிலும் இண்டக்‌ஷனே சற்று மலிவாகிவிடும். அன்றைக்கு இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

அதற்கு வேண்டிய முதல் எண்ணை இன்றே குறித்து வைக்கலாம். புதுத் தோம்பு மாட்டும்போது மார்க்கர் பேனாவால் அதன் மேல் தேதியை எழுதிவிடுங்கள். அது தீரும் நாளில் உங்கள் வீட்டுக்கு ஒரு தோம்பு எத்தனை நாள் வரும் என்பது தெரிந்துவிடும். அடுத்த மாதச் சண்டையில் அந்த எண் பேசட்டும்.